கணனி மாறினாலும் கணக்கு மாறக் கூடாது

முன்பு தோட்டத்துச் சம்பளக் கணக்கு செக்ரோல் புத்தகத்தோடு முடிந்துவிடும். கணக்கப்பிள்ளை பேர் போடுவார், கிளாக்கர் கூட்டிக் கழிப்பார், சம்பள நாளில் காசு கைக்கு வரும். இன்று பல இடங்களில் அந்தக் கூட்டல் கழித்தலைக் கணனி செய்கிறது. நமது சேமலாப நிதிக் கணக்கும் வங்கிக் கணக்கும் கணனிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே, "புது கம்பியூட்டர் போட்டிருக்காங்க, அதான் கணக்கு பிசகிப் போச்சு" என்று யாராவது சொன்னால், சரியென்று தலையாட்டிவிட்டு வரலாமா? கணனி மாறினால் கணக்கும் மாறத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. ஏன் என்பதை நாம் விளங்கிக் கொள்வது அவசியம்.

நடுத்தரக் கணனி

மேசை மேல் இருக்கும் சிறிய கணனியை நாம் கண்டிருக்கிறோம். அரசாங்கங்களும் பெரிய வங்கிகளும் வைத்திருக்கும் மிகப் பெரிய கணனிகளும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, ஒரு கம்பெனியின் சம்பளம், சரக்கு, வரவு செலவு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்கும் கணனியை நடுத்தரக் கணனி என்பார்கள். இவற்றில் பேர்போனது ஐ.பி.எம். கம்பெனி 1988 ஜூன் மாதம் வெளியிட்ட ஏ.எஸ்.400. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள ரொச்செஸ்டர் நகரில் உருவானது. 1978இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 38 என்பது இதற்கு மூத்தது.

எந்த இயந்திரமும் நிரந்தரமல்ல. உதிரிப்பாகம் கிடைக்காமல் போகும். வேலை கூடக் கூட வேகம் போதாமல் போகும். அப்போது புது இயந்திரத்துக்கு மாற வேண்டி வரும். சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

மூலக் கடிதத்தை வைத்திருந்தவர்கள்

கணனியின் மூளைக்கு ஒரு பாஷை உண்டு. மூளையின் இனம் மாறினால் பாஷையும் மாறும். பழைய பாஷையில் இருக்கும் சம்பளக் கணக்கு வேலைத்திட்டம் புது மூளைக்கு விளங்காது.

1995இல் ஏ.எஸ்.400 கணனிக்கு இதுதான் நேர்ந்தது. பழைய 48 பிட் மூளையை விட்டு, பவர் பி.சி. என்ற 64 பிட் மூளைக்கு ஐ.பி.எம். மாறியது. ஆனாலும் ஏராளமான கம்பெனிகள் தங்கள் வேலைத்திட்டங்களைத் திரும்ப எழுதாமலே புது இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எப்படி?

நாம் தமிழில் ஒரு மனு எழுதுகிறோம் என்று வைத்துக் கொள்வோம். அதிகாரிக்குச் சிங்களம்தான் தெரியும். மொழிபெயர்த்துக் கொடுக்கிறோம், தமிழ் மூலத்தையும் பத்திரமாக வைக்கிறோம். நாளைக்கு இங்கிலீஷ் மட்டும் படிக்கிற அதிகாரி வந்தால் என்ன செய்வோம்? மூலத்தை எடுத்து இங்கிலீஷில் மொழிபெயர்ப்போம், அவ்வளவுதான். ஏ.எஸ்.400 அப்படித்தான் அமைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வேலைத்திட்டமும் எந்த மூளைக்கும் சொந்தமில்லாத ஒரு நடுப் பாஷையில் இருந்தது. அதிலிருந்துதான் மூளையின் பாஷைக்கு மாற்றப்பட்டது. புது மூளை வந்ததும் கணனியே மறுபடி மொழிபெயர்த்துக் கொண்டது.

எல்லாருக்கும் இது சுலபமாக முடியவில்லை. சிலர் இடத்தை மிச்சப்படுத்த அந்த நடுப் பாஷைப் பிரதியை அழித்திருந்தார்கள். அவர்கள் எழுத்தாளர் எழுதிய ஆதிப் பிரதியைத் தேடி எடுத்து மறுபடி தயாரிக்க வேண்டியிருந்தது. அதுவும் தொலைந்து போயிருந்தால் புதிதாக எழுதுவது அல்லது புதிதாக வாங்குவதுதான் வழி. மூலத்தைத் தொலைத்தவன் பாடு திண்டாட்டம்தான்.

இந்தக் கணனி 2000இல் ஐ சீரிஸ், 2006இல் சிஸ்டம் ஐ என்று பேர் மாறியது. 2008 முதல் அதன் வழிவந்த வேலைமுறை ஐ.பி.எம். ஐ என அழைக்கப்படுகிறது.

வேறு இனத்துக்கு மாறும்போது

ஏ.எஸ்.400 போன்ற கணனியை விட்டு முற்றிலும் வேறு இனத்துக்குப் போவது இன்னும் கஷ்டம். கணனி எழுத்தை எண்ணாகத்தான் வைத்திருக்கும். இங்கிலீஷ் 'ஏ' எழுத்து ஏ.எஸ்.400இல் 193. மற்றப் பெரும்பாலான கணனிகளில் 65. ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் மாற்ற வேண்டும்.

பெயர்களுக்கு இது சரி. ஆனால் பணத் தொகைகளை ஏ.எஸ்.400 பெரும்பாலும் நெருக்கி அடைத்து வைத்திருக்கும். ஓர் எழுத்தின் இடத்தில் இரண்டு இலக்கம் இருக்கும். அதையும் எழுத்து என்று நினைத்து மாற்றினால் தொகை குழம்பிப் போகும். எது பெயர், எது காசு என்று தெரிந்தவர்கள்தான் மாற்ற வேண்டும். சின்னப் பிழைகளும் உண்டு. 00457 என்ற இலக்கம் 457 ஆகிவிடலாம். நீண்ட பெயர் பாதியில் வெட்டுப்படலாம்.

குயின்ஸ்லாந்து தரும் பாடம்

சம்பள முறையை மாற்றும்போது அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவுஸ்திரேலியாவே சாட்சி. அங்கே குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை, பழைய சம்பள முறையைக் கைவிட்டு 2010 மார்ச்சில் புதிய முறையைத் தொடங்கியது. தாதிமார் உட்பட பல ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்து வந்தது. சிலருக்குக் கூடி வந்தது. சிலருக்கு வரவேயில்லை. 2013இல் விசாரணைக் குழு அறிக்கை வெளியானது. சோதனை போதாது என்பது அதில் கண்ட குறைகளில் ஒன்று. இதற்கான மொத்தச் செலவு 120 கோடி அவுஸ்திரேலிய டொலர் என மதிப்பிடப்பட்டது. வசதியுள்ள நாட்டிலேயே வீட்டு வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஊழியர்கள் தவிக்க நேர்ந்தது.

முறையாக மாற்றுவது எப்படி?

1. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதி திரும்ப வாசிக்கப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வாசிக்க முடியாத பிரதி இருந்தும் இல்லாததுதான்.

2. பழைய கணனியில் எத்தனை பேர் இருந்தார்களோ, புதியதிலும் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று எண்ண வேண்டும்.

3. சில மாதங்களுக்காவது பழையதிலும் புதியதிலும் சம்பளம் போட்டு ஒப்பிட வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது. ஒருவருக்கு 500 ரூபா கூடி, இன்னொருவருக்கு 500 ரூபா குறைந்தாலும் மொத்தம் சரியாகத்தான் வரும்! ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும்.

4. புதியது சரி என்று உறுதியாகும்வரை பழையதை நிறுத்தக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

இதையெல்லாம் செய்வது ஆபீஸின் பொறுப்பு. ஆனால் தன் கணக்கைத் தானே பார்க்கிற தொழிலாளியைப் போல நல்ல பரிசோதகர் வேறு யாருமில்லை. ஆகவே:

சம்பளச் சீட்டை எறியாதீர்கள். அடுப்படியில் வைத்துக் கரியாக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். அதுதான் உங்கள் மூலக் கடிதம்.

கணனி மாறியதாகக் கேள்விப்பட்டால், அடுத்த சீட்டைப் பழைய சீட்டோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். உழைத்த பேர் எத்தனை, பெயரும் இலக்கமும் அப்படியே இருக்கின்றனவா, புதிதாக ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். வாசிக்கச் சிரமமானவர்கள் படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்துக் கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சேமலாப நிதிக்குரிய சம்பாத்தியம் 100 ரூபா என்றால், நம்மிடம் பிடிப்பது 8 ரூபா, முதலாளி போடுவது 12 ரூபா. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி போடும் 3 ரூபா வேறு. அதை நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தையும், அடையாள அட்டையில் உள்ளபடி பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பதிவில் பெயர் வேறு விதமாக இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் அந்தப் பணத்தை எடுக்கப் போகும்போது, "இந்தப் பேர்ல ஆளே இல்லையே" என்ற பதில் வந்தால், இருபது வருஷத்துக்கு முந்திய கிளாக்கரை எங்கே போய்த் தேடுவது?

பிழை கண்டால் சண்டைக்குப் போக வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம். சீட்டின் பிரதியோடு எழுத்தில் கொடுத்து, கொடுத்த திகதியைக் குறித்து வையுங்கள். ஒரே பிழை பலருக்கு வந்திருந்தால் சேர்ந்து கொடுங்கள். ஒருவருக்கு வந்தால் தட்டச்சுப் பிழையாக இருக்கலாம். முழு லயத்துக்கும் வந்தால் பிழை பெரும்பாலும் கணக்கு முறையில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க அது ஆபீஸுக்கும் உதவியாக இருக்கும்.

கணனி பிழை விட்டது என்பது பதிலாகாது. அதற்குள் கணக்கைப் போட்டவர்களும் மாற்றியவர்களும் மனிதர்கள்தான். கேட்டால் திருத்த முடியும். கேட்பதற்கு நம் கையில் சீட்டு இருக்க வேண்டும்.