விட்டதைப் பிடிக்க இன்னொரு நூறு ரூபாயா?

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு பாய்கிறது. நெல் இரண்டு போகம் விளைகிறது. திராட்சை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது.

மழை அடித்துத் திராட்சைப் பூ உதிர்ந்துவிட்டால், தோட்டக்காரர் என்ன செய்கிறார்? கொடியைக் கவாத்து செய்கிறார். உரம் வைக்கிறார். மருந்து அடிக்கிறார். கையில் இருக்கும் பணத்தை மறுபடியும் போடுகிறார். விட்டதை அடுத்த அறுவடையில் பிடிக்கிறார்.

தோட்டத்துக்கு இது சரி. சீட்டாட்டத்துக்கு இது சரியா?

சீட்டாட்டம் தெரியாத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. தேனி மாவட்டமும் அதற்கு விலக்கு அல்ல. ரம்மியில் தோற்றவர் மறுபடி பணம் கட்டிச் சேரலாம் என்று ஒரு விதி உண்டு. அதற்கு "ரீஜாயின்" என்று பெயர். பல குடும்பங்களின் பணம் போவது இந்த வழியில்தான்!

101 ஆட்டம்

ஆறு பேர் உட்காருகிறார்கள். ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 600 ரூபாய்.

ஒவ்வொரு சுற்றிலும் தோற்றவர்களின் கணக்கில் புள்ளி ஏறும். சீட்டு சரியில்லை என்று தொடக்கத்திலேயே கவிழ்த்து வைத்தால் 20 புள்ளி. முழுதாக மாட்டிக்கொண்டால் 80 புள்ளி வரை ஏறும். 101 ஆகிவிட்டால் ஆள் வெளியே! கடைசியில் மிஞ்சுகிறவருக்கே பணம்.

வெளியே போனவர் இன்னொரு 100 ரூபாய் கட்டி உள்ளே வரலாம். வழக்கமான விதிப்படி இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, மீதி இருப்பவர்களில் யாரும் 79 புள்ளியைத் தாண்டி இருக்கக்கூடாது. மற்றொன்று, இருப்பவர்களில் அதிகப் புள்ளி யாருக்கோ, அவரைவிட ஒரு புள்ளி கூடுதலாக வைத்துத்தான் இவர் தொடங்க வேண்டும்.

அது என்ன 79? கணக்கு எளிது. 79 பேர்வழிக்கு மேலே ஒன்று என்றால் 80. ஒரு முறை சீட்டைக் கவிழ்த்தால் 20. மொத்தம் 100. உயிர் தப்பும். 81-ல் தொடங்கினால் 101 ஆகிவிடும். ஆக, புதிதாக வருகிறவருக்கு ஒரே ஒரு முறை தப்பிக்க இடம் விட்டிருக்கிறது இந்த விதி. அவ்வளவுதான்!

இரண்டாவது நூறு எதை வாங்குகிறது?

முதலில் கட்டிய 100 போய்விட்டது. அது திரும்பாது. இரண்டாவது 100 எதை வாங்குகிறது என்பதே கேள்வி.

அவர் சேர்ந்தவுடன் மொத்தம் 700 ரூபாய். நடத்துகிறவர்கள் நூற்றுக்குப் பத்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மீதி 630. அப்படியானால், ஏறக்குறைய ஆறு முறைக்கு ஒரு முறையாவது ஜெயித்தால்தான் இந்த 100 ரூபாய்க்கு நஷ்டம் இல்லை.

ஆறு பேரும் சம நிலையில் இருந்தால் ஆளுக்கு ஆறில் ஒரு வாய்ப்பு. ஆனால் இவர் சமமாகத் தொடங்குகிறாரா? இல்லை. எல்லோருக்கும் பின்னால் தொடங்குகிறார்!

மற்றவர்கள் எல்லோரும் 20, 25 என்று இருந்தால், 26-ல் தொடங்குவதில் பெரிய பள்ளம் இல்லை. ஒருவர் 79-லும் மற்ற நால்வர் 20-லும் இருந்தால், 80-ல் நுழைவது பணத்தை ஆற்றில் விடுவதே ஆகும்.

போக்கரிலும் உண்டு

மேல்நாட்டுச் சீட்டாட்டமான போக்கர் போட்டிகளிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே பணம் கட்டினால் வில்லைகள் தருவார்கள். அவற்றைத் தோற்றவர் குறிப்பிட்ட நேரத்துக்குள் மறுபடி பணம் கட்டி வில்லைகள் வாங்கலாம். அதற்கு "ரீபை" என்று பெயர். நேரம் ஆக ஆகக் கட்டாயப் பந்தயம் உயரும். முதல் மணியில் பெரிதாகத் தோன்றிய வில்லைக் குவியல், பிறகு சிறிதாகிவிடும்.

தேர்ந்த ஆட்டக்காரர்கள் எத்தனை முறை வாங்குவது என்பதை உட்காருவதற்கு முன்பே முடிவு செய்கிறார்கள். அந்தத் தொகை தீர்ந்தால் எழுந்துவிடுகிறார்கள். தோற்ற கோபத்தில் முடிவு செய்வதில்லை. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடக்கும் புகழ்பெற்ற உலகப் போட்டியின் முக்கிய ஆட்டத்துக்கு நுழைவுப் பணம் 10,000 டாலர். அங்கே தோற்றவர் மறுபடி பணம் கட்டிச் சேர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ரம்மி பெரும்பாலும் திறமையால் ஆடும் ஆட்டம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் ஆட்டத்தை வைத்து மன்றம் நடத்துகிறவர்கள் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

பிறகு செல்போன் வந்தது. ஆட்டம் வீட்டுக்குள் புகுந்தது. பணம் கட்ட விரல் நுனி போதும் என்று ஆயிற்று. பணத்தை இழந்து பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2025-ம் ஆண்டில் தமிழ்நாட்டில், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆன்லைனில் பணம் வைத்து ஆடத் தடை வந்தது. சென்னை ஐகோர்ட்டு அது செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆன்லைன் பண விளையாட்டு முழுவதையும் தடுக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியது. ஆகஸ்டு 22-ந்தேதி ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். நடத்துகிறவர்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை.

ஆனால் பணத்தை இழந்த வீட்டுக்குத் தண்டனை உண்டே! பள்ளிக்கூடச் சம்பளமும், மளிகைக் கடன் பாக்கியும் சட்டத்துக்காகக் காத்திருப்பதில்லை.

கொடியும் சீட்டும்

திராட்சைக் கொடிக்குப் போட்ட பணம் வேருக்குப் போகிறது. இந்த முறை ஏமாற்றினாலும் கொடி தோட்டத்தில் நிற்கிறது. ரீஜாயினுக்குக் கட்டிய பணம் மற்றவர் மடிக்குப் போகிறது. சீட்டைக் கலைத்துவிட்டால், யார் எவ்வளவு விட்டார் என்பது சீட்டுக்குத் தெரியுமா?

பொழுதுபோக்குக்காகச் சீட்டை எடுக்கிறவர் புள்ளியை மட்டும் வைத்து ஆடலாம். பணம் வைத்து ஆடும் பழக்கம் உள்ளவர், போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை எவ்வளவு என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படட்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், அந்தத் தொகை அதிகம் என்று அர்த்தம்!