பெரிய திரையில் எழுத்து தெளிவாகத் தெரிய

கிராம சபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கைத் திரையில் காட்டுவது உண்டு. மடிக்கணினியை டிவியோடு இணைத்துக் காட்டுவார்கள். சில நேரம் எழுத்து மங்கலாக இருக்கும். சில நேரம் படத்தின் கீழ் ஓரம் மறைந்துவிடும். மொத்தத் தொகை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது தெரியாவிட்டால் கணக்கு விளங்குமா? கேள்வி கேட்க முடியுமா?

இது ஏன்?

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. கோலப் புள்ளிகள் போல அவை வரிசையாக இருக்கும். எத்தனை புள்ளிகள் என்ற அளவை ரெசல்யூஷன் என்பார்கள்.

பல மடிக்கணினிகளில் ஒரு வரிசைக்கு 1366 புள்ளிகள். மொத்தம் 768 வரிசைகள். முழு எச்.டி. டிவியில் வரிசைக்கு 1920 புள்ளிகள். மொத்தம் 1080 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள். மடிக்கணினியில் சுமார் 10 லட்சம் புள்ளிகள். டிவியில் சுமார் 20 லட்சம்.

மடிக்கணினியின் அளவிலேயே படத்தை அனுப்பினால், டிவி அதை இழுத்துப் பரப்புகிறது. புள்ளிக்குப் புள்ளி பொருந்துவதில்லை. அதனால் எழுத்து கலங்குகிறது.

என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் இப்படிச் செய்யுங்கள்.

1. எச்.டி.எம்.ஐ. கேபிளால் இரண்டையும் இணையுங்கள். டிவி ரிமோட்டில் அந்த எச்.டி.எம்.ஐ. இணைப்பைத் தேர்ந்தெடுங்கள்.

2. விண்டோஸ் பொத்தானை அழுத்தியபடி, 'ஓ' எழுத்துக்கு வலப்பக்கம் உள்ள 'பி' எழுத்தை அழுத்துங்கள். 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி படம் டிவியில் மட்டும் தெரியும்.

3. திரையில் காலி இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறங்கள்.

4. 'டிஸ்ப்ளே ரெசல்யூஷன்' பட்டியலில் 'ரெக்கமெண்டட்' என்று குறித்துள்ள அளவைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'கீப் சேஞ்சஸ்' என்பதை அழுத்துங்கள். தாமதித்தால் பழைய அளவே திரும்பிவிடும்.

எழுத்து சிறியதாக இருக்கிறதா? ரெசல்யூஷனைக் குறைக்காதீர்கள், குறைத்தால் மீண்டும் மங்கும். அதே பக்கத்தில் 'ஸ்கேல்' அளவை 125 அல்லது 150 சதவீதமாகக் கூட்டுங்கள்.

ஓரம் இன்னும் வெட்டுப்படுகிறதா? அது டிவியின் வேலை. சில டிவிகள் படத்தைச் சற்றுப் பெரிதாக்கிக் காட்டும். டிவியின் பட அளவுப் பட்டியலில் 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' போன்ற பெயர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முழுப் படமும் தெரியும்.

கூட்டத்துக்கு அரை மணி முன்னரே இதைச் செய்துவிடுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அங்கிருந்து மொத்தத் தொகையைப் படிக்க முடிந்தால்தான் கணக்கை ஊருக்குக் காட்டியதாகப் பொருள்.