உரிமையாளர் இல்லாத களஞ்சியம்

நாம் இணையத்தில் சேமித்து வைக்கும் படங்களும் எழுத்துகளும் எங்கோ மேகத்தில் மிதந்துகொண்டிருப்பதில்லை. ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான சர்வரில், அதாவது இரவும் பகலும் இயங்கும் கணினியில், அவை இருக்கின்றன. அந்த நிறுவனம் கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பதும் போய்விடும். லட்சக்கணக்கானோர் தங்கள் சொந்தப் பக்கங்களை உருவாக்கி வைத்திருந்த ஜியோசிட்டீஸ் சேவையை யாஹூ நிறுவனம் அமெரிக்காவில் 2009-இல் மூடியபோது இதுதான் நடந்தது. தன்னார்வலர்கள் அவசர அவசரமாகப் படியெடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது.

இப்படி ஓரிடத்தையே நம்பியிராமல், பயனர்களின் கணினிகளே தங்களுக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள முடியாதா? முடியும். கால் நூற்றாண்டாக அதற்கான முயற்சிகள் நடந்து வருகின்றன. இத்தகைய பகிர்வு என்றதும் பலருக்குத் திருட்டுத் திரைப்படங்களே நினைவுக்கு வரும். ஆனால், அதன் அடியில் உள்ள சிந்தனை இணையத்தைப் பயன்படுத்தும் அனைவரும் அறியத்தக்கது என்று கருதுகிறேன்.

மையச் சர்வரை நீக்கியதும் மூன்று கேள்விகள் எழுகின்றன. வேண்டிய கோப்பு யாரிடம் இருக்கிறது? முன்பின் அறியாதவர் தருவது அசல்தானா? நாளையும் அது கிடைக்குமா?

முதல் கேள்வியிலேயே முதல் முயற்சி இடறியது. 1999-இல் ஷான் ஃபேனிங் என்ற அமெரிக்க இளைஞர் உருவாக்கிய நாப்ஸ்டரில் பாடல்கள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. ஆனால், எந்தப் பாடல் யாரிடம் உள்ளது என்ற பட்டியல் நிறுவனத்தின் சர்வரில் இருந்தது. பதிப்புரிமை வழக்கின் விளைவாக 2001-இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டதும், பாடல்கள் அவரவர் கணினியில் அப்படியே இருந்தும் பகிர்வு நின்றுபோனது.

2000-இல் வந்த குனுடெல்லா, பட்டியலையே ஒழித்தது. ஒரு கணினி தனக்குத் தெரிந்த சில கணினிகளைக் கேட்கும். அவை தமக்குத் தெரிந்தவற்றைக் கேட்கும். வீடு வீடாக விசாரித்து ஒருவரைத் தேடுவதைப் போன்றது இது. சிற்றூரில் இது நடக்கும். மாநகரில் விசாரிப்பவர்களின் கூட்டமே தெருவை அடைத்துவிடும். பயனர்கள் பெருகப் பெருக, தேடல் செய்திகளின் நெரிசலில் குனுடெல்லாவும் திணறியது.

பட்டியலைத் துண்டு துண்டாக்கி எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததில்தான் தீர்வு பிறந்தது. பீட்டர் மேமௌன்கோவ், டேவிட் மஸியர்ஸ் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட கடெம்லியா என்ற முறை இவ்வகையில் பரவலாகப் பயன்படுவது. இதில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நீண்ட எண் உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் அதே வகையான எண் உண்டு. கோப்பின் எண்ணுக்கு நெருக்கமான எண்ணைக் கொண்ட சில கணினிகள், அக்கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பை வைத்திருக்கும். நெருக்கம் என்பது இங்கே கணக்கில் மட்டுமே; சென்னைக் கணினிக்குச் சிலி நாட்டுக் கணினி பக்கத்து வீடாக இருக்கலாம். தேடுபவரின் கணினி தனக்குத் தெரிந்தவற்றில் மிக நெருக்கமானதைக் கேட்கும். அது இன்னும் நெருக்கமான ஒன்றைக் காட்டும். அகராதியைப் பாதியில் திறந்து, சொல் முன்னால் உள்ளதா, பின்னால் உள்ளதா என்று பார்த்து, மீண்டும் பாதியாக்குவதைப் போல, ஒவ்வொரு படியிலும் தேட வேண்டிய பரப்பு பாதியாகும். பத்து லட்சம் கணினிகள் இருந்தாலும் சுமார் 20 படிகளில் விடை கிடைத்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, 'ஹேஷ்' எனப்படும் கணித விரல்ரேகை. கோப்பு எவ்வளவு பெரிதானாலும் அதன் உள்ளடக்கத்திலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள ஓர் எண் கணக்கிடப்படுகிறது. உள்ளே ஒரு காற்புள்ளி மாறினாலும் இந்த ரேகை முற்றிலும் மாறிவிடும். ஆகவே, ரேகையை மட்டும் நம்பகமான ஓரிடத்திலிருந்து பெற்றுவிட்டால், கோப்பை யாரிடமிருந்து வேண்டுமானாலும் வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

பிராம் கோஹன் 2001-இல் உருவாக்கிய பிட்டோரன்ட், கோப்பைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் இப்படிச் சோதிக்கிறது. அரிதான துண்டை முதலில் பெற வேண்டும், பெற்றதைப் பிறருக்குத் தர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கேட்பவர் பெருகினால் தனியொரு சர்வர் திணறும். இங்கே கேட்பவரே கொடுப்பவரும் ஆவதால் கூட்டம் பாரமாவதில்லை. லினக்ஸ் இயங்குதளங்களை வெளியிடுவோர் பலரும் இவ்வழியையும் பயன்படுத்துவது இதனால்தான்.

மூன்றாவது கேள்விக்குக் கணிதத்தில் விடை இல்லை. பிட்டோரன்ட்டில் முழுக் கோப்பையும் வைத்திருந்து பிறருக்கு வழங்குபவரை ஆங்கிலத்தில் 'விதைப்பவர்' என்றே அழைக்கிறார்கள். விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டால் அடுத்த பருவத்துக்கு வழியில்லை. அதுபோல, கடைசி விதைப்பவரும் கணினியை அணைத்துவிட்டால் கோப்பின் பெயர் இருக்கும், கோப்பு இருக்காது.

வேறு குறைகளும் உண்டு. துருக்கி அரசு 2017 ஏப்ரலில் விக்கிப்பீடியாவைத் தடை செய்தபோது, ஐபிஎஃப்எஸ் என்ற மையமில்லா வலையமைப்பில் துருக்கிய விக்கிப்பீடியாவின் படி ஏற்றப்பட்டது. தடை 2020 ஜனவரி வரை நீடித்தது. ஒரு வலைதளத்தை முடக்குவதைப் போல அந்தப் படியை எளிதில் முடக்க முடியாது. ஆனால், அதைத் திருத்தவும் முடியாது. ஒரு சொல் மாறினால் ரேகை மாறும். ரேகையே முகவரி என்பதால் முகவரியும் மாறும். எனவே, அது ஒரு நாளின் நிழற்படமாகவே நின்றது. அழிக்க இயலாமை இருமுனைக் கத்தியும்கூட. ஒருவரின் அந்தரங்கப் படம் இத்தகைய வலையில் பரவிவிட்டால், நீக்கச் சொல்லி முறையிட ஓர் அலுவலகம் கிடையாது.

இக்குறைகளுக்காக இச்சிந்தனையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'லாக்ஸ்' திட்டம் இதற்கு நல்ல முன்மாதிரி. படிகள் பல இருந்தால் பாதுகாப்பு என்பதே அதன் பெயருக்குப் பொருள். பங்கேற்கும் நூலகங்கள் மின்னிதழ்களின் படிகளைத் தத்தம் கணினிகளில் வைத்துள்ளன. அவற்றை அவ்வப்போது ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சிதைந்ததைச் சீர்செய்துகொள்கின்றன. அங்கே விதைப்பவர்கள் வந்துபோகும் பயனர்கள் அல்லர், கடமையேற்ற நிறுவனங்கள்.

தமிழில் மதுரைத் திட்டம் 1998 முதலும், இலங்கை சார்ந்த 'நூலகம்' 2005 முதலும் தன்னார்வலர் உழைப்பால் பெரும் மின்தொகுப்புகளைத் திரட்டியுள்ளன. இவை போன்ற தொகுப்புகளில் பதிப்புரிமைத் தடை இல்லாதவற்றின் முழுப் படிகளை, உரியவர்களின் இசைவோடு, நம் பல்கலைக்கழகங்களும் மாவட்ட மைய நூலகங்களும் ஏற்று வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அவற்றின் ரேகைகளை ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

கோப்பைத் தேடவும் சோதிக்கவும் கணினிகள் கற்றுக்கொண்டுவிட்டன. அதை வைத்துக் காக்கும் பொறுப்பு யாருடையது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.