லயக் காம்பராவுக்கு ஓர் இளநிறம்



2024ஆம் ஆண்டின் நிறமாக அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் அறிவித்தது, 'பீச் ஃபஸ்' என்ற மென்மையான பீச் பழ நிறத்தை. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த இந்தச் சாயல் நமக்குப் புதிதல்ல. இரத்தினபுரிக்குப் புகழ் சேர்த்த பத்பரட்ஷா மாணிக்கக் கல்லும் ஏறக்குறைய இதே நிறம்தான்.

தோட்டத்தில், சிறிய ஜன்னலுள்ள லயக் காம்பராவுக்கு இதுபோன்ற இளநிறம் மிகவும் ஏற்றது. கடும் நிறம் வெளிச்சத்தை உறிஞ்சிவிடும். இளநிறம் அதைத் திருப்பி அனுப்பும். கூரையின் உட்புறத்துக்கு வெள்ளையும், ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவருக்கு இளநிறமும் பூசினால், அறை விசாலமாகத் தெரியும். பகலில் லைட் போடும் தேவையும் குறையும். தோட்ட ஆபீசுக்கும் பிள்ளைக் காம்பராவுக்கும் இது பொருந்தும்.

முதலில் சுவரில் ஓரடி அகலத்துக்குப் பூசி, காலையிலும் இரவிலும் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் நிறம் சற்றுத் தூக்கலாகத் தெரியும். நம் சப்ரகமுவ மாகாணத்தில் மழை அதிகம். ஆகவே ஒழுக்கை அடைத்து, பாசியையும் பூஞ்சணத்தையும் சுரண்டி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூசுங்கள். மழை குறைந்த ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் அதற்கு நல்லவை. புகை படியும் அடுப்படிக்கு, கழுவித் துடைக்கக்கூடிய பெயின்ட்டைக் கேட்டு வாங்குங்கள்.