மேஜர் பிளாகேயின் மஞ்சள் சீட்டுகள்

ஜெர்மன் ராணுவத்தில் இருந்துகொண்டே நாஜிகளை எதிர்த்தவர்கள் என்றதும், 1944-ஆம் ஆண்டு ஜூலை 20 அன்று ஹிட்லரின் ஆலோசனை அறையில் வெடிகுண்டை வைத்துவிட்டு வெளியேறிய கர்னல் ஸ்டாஃபன்பர்க்கின் பெயர் முதலில் நினைவுக்கு வருவது இயல்பே. அந்தச் செயலின் பெருமையை அணுவளவும் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அதே ஜூலை மாதத்தின் முதல் நாளில், இன்று லிதுவேனியாவின் தலைநகராக விளங்கும் வில்னியஸ் நகரில், கால் ஊனமுற்ற ஒரு மேஜர், நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்க, யூதக் கைதிகளைக் கூட்டிவைத்துப் பேசிய ஒரு சிறிய பேச்சு உண்டு; துணிவு என்பது எத்தனை விதமாக வெளிப்படக்கூடும் என்று ஆராய்பவர்கள் அதையும் தவறாமல் படிக்க வேண்டும்.

கார்ல் பிளாகே 1897-இல் டார்ம்ஷ்டாட் நகரில் பிறந்தார். முதல் உலக யுத்தத்தில் மேற்குப் போர்முனையில் சண்டையிட்டு, ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, கைதியாக இருந்த காலத்திலேயே இளம்பிள்ளைவாதத்துக்கு ஆளாகி, விந்திய நடையோடு ஊர் திரும்பியவர், 1924-இல் பொறியியல் பட்டம் பெற்றார். படித்தவர்களுக்கும் பிழைப்பு அரிதாயிருந்த காலம் அது. தேசம் மீண்டும் தலைநிமிரும் என்ற வாக்குறுதியை நம்பி, ஹிட்லர் பதவிக்கு வருவதற்கு முன்பே, 1931-இல், அவர் நாஜிக் கட்சியில் உறுப்பினரானார். இதை மறைத்துவிட்டு அவருடைய சரித்திரத்தை எழுதுவது நேர்மையாகாது. அவரும் அதை ஒருநாளும் மறைத்தவரல்லர். கட்சியின் இனபேத சித்தாந்தத்தை ஏற்க மறுத்ததால் உள்ளூர்த் தலைவர்களின் சந்தேகத்துக்கு ஆளாகிக் கட்சிப் பணிகளிலிருந்து ஒதுங்கினார். தாம் வேலை பார்த்த தொழிற்சாலையின் அதிபருடைய மனைவி யூத வம்சத்தில் வந்தவர் என்பதை அறிந்திருந்தும், அந்தத் தம்பதியின் மகனுக்கு ஞானத்தந்தையாக நின்றார்.

1941 ஜூன் மாத இறுதியில் ஜெர்மன் படைகள் வில்னியஸைப் பிடித்தன. யூதக் கல்விக்கும் சமய ஞானத்துக்கும் பெயர்பெற்ற அந்நகரிலிருந்து, அருகிலுள்ள போனாரி வனத்துக்கு மக்கள் கூட்டங்கூட்டமாக நடத்திச் செல்லப்பட்டு, ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்த பெருங்குழிகளின் விளிம்பில் நிறுத்திச் சுடப்பட்டார்கள். யுத்தம் முடிவதற்குள் அந்த வனத்தில் மாண்டவர்களில் யூதர்கள் மட்டுமே சுமார் 70,000 பேர். பிளாகே வில்னியஸுக்கு வந்தது ராணுவ மோட்டார் வாகனங்களைப் பழுதுபார்க்கும் 562-ஆம் எண் பணிமனையின் தலைவராக. தம் நாட்டவர் செய்வது இன்னதென்று கண்ணால் கண்டறிந்தபின், அவர் தம் கைக்கு எட்டிய ஒரே ஆயுதத்தை எடுத்துக்கொண்டார். அது அலுவலகக் காகிதம்.

அக்காலத்தில் வில்னியஸ் யூதர் ஒருவரின் உயிர் ஒரு மஞ்சள் நிற வேலைச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜெர்மானியருக்கு இன்றியமையாத தொழிலாளி என்று சான்று கூறும் அந்தச் சீட்டு, அதை வைத்திருப்பவரையும் அவருடைய மனைவியையும் குழந்தைகள் இருவரையும் அப்போதைக்குக் காப்பாற்றும். சீட்டில்லாதவருக்கு வழி போனாரிதான். பிளாகேயின் பணிமனைக்கு வந்து சேர்ந்தவர்களில் முடிதிருத்துபவரும் உண்டு, செருப்புத் தைப்பவரும் உண்டு, தையற்காரரும் கசாப்புக்காரரும் உண்டு. வாகனத்தின் எஞ்சினை அதற்குமுன் திறந்தே பாராத அவர்களையெல்லாம் தேர்ந்த மெக்கானிக்குகள் என்று எழுதிக் கையொப்பமிட்டார் மேஜர். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தால், போர்முனைக்குப் போகவேண்டிய வாகனங்கள் இவர்கள் இல்லாமல் நின்றுபோகும் என்று, ராணுவத்தின் நலனையே காரணமாகக் காட்டி எழுதினார். கண்டுபிடிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு உதாரணமும் அந்நகரிலேயே இருந்தது. யூதர்களுக்கு உதவிய ஆஸ்திரிய நாட்டுச் சார்ஜன்ட் ஆன்டன் ஷ்மிட், 1942 ஏப்ரலில் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

1943 செப்டம்பரில், யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த சேரி அடியோடு அழிக்கப்படப்போகிறது என்பதை உணர்ந்த பிளாகே, அதற்குச் சில தினங்கள் முன்னதாக ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை அங்கிருந்து வெளியே கொண்டுவந்து, சுபாச்சியஸ் தெருவில் இருந்த இரண்டு பெரிய பலமாடிக் கட்டடங்களில் முகாம் அமைத்துக் குடியேற்றினார். பாரன் ஹிர்ஷ் என்ற யூதத் தனவந்தரின் தர்மநிதியைக் கொண்டு ஏழை யூதக் குடும்பங்களுக்காக முன்பு எழுப்பப்பட்ட வீடுகள் அவை. பெண்களையும் குழந்தைகளையும் தனியே பிரித்துக் கொண்டுபோக எஸ்.எஸ். முனைந்தபோது, குடும்பம் உடனிருந்தால்தான் ஆண்கள் ஊக்கத்தோடு உழைப்பார்கள் என்று வாதாடியதோடு, ராணுவ உடுப்புகளைச் செப்பனிடும் தையற்கூடத்தையும் ஏற்படுத்தி, பெண்களையும் இன்றியமையாத தொழிலாளிகளாக்கிவிட்டார்.

எல்லாம் அவர் எண்ணியபடி நடக்கவில்லை. 1944 மார்ச் 27 அன்று, பிளாகே விடுமுறையில் ஜெர்மனிக்குச் சென்றிருந்த சமயத்தில், எஸ்.எஸ். படையினர் முகாமுக்குள் புகுந்து பெரும்பாலான குழந்தைகளைத் தாய்மார்களின் கைகளிலிருந்து பறித்துக்கொண்டு போனார்கள். அவர் இருந்திருந்தாலும் தடுத்திருக்க முடியுமா என்பது ஐயமே. ஒரு மோட்டார் பணிமனையின் தலைவருக்கு எஸ்.எஸ். படையின்மேல் அதிகாரம் ஏதும் கிடையாது. காகிதத்தின் வலிமை காகிதத்தை மதிப்பவர்களிடம் மட்டுமே செல்லும்.

சோவியத் நாட்டின் செஞ்சேனை வில்னியஸை நெருங்கியது. முகாமைக் கலைத்து, எஞ்சியிருப்பவர்களையும் கொன்றுவிடுவது எஸ்.எஸ்.ஸின் திட்டம் என்பது பிளாகேக்குத் தெரிந்துவிட்டது. ஜூலை முதல் தேதி, சனிக்கிழமை, கைதிகள் முன்னால் வந்து நின்றார். போர்முனை நெருங்குவதால் பணிமனை மேற்கே நகர்கிறதென்றும், திங்கட்கிழமையன்று அவர்களும் இடம் மாற்றப்படுவார்களென்றும், வழித்துணையாக எஸ்.எஸ். படை வருமென்றும், அகதிகளைக் காப்பதில் அந்தப் படை எத்தகையது என்பதை அவர்கள் அனைவரும் நன்கு அறிவார்களாதலால் அஞ்ச வேண்டியதில்லையென்றும், மூட்டை முடிச்சுகளைச் சுமந்து வரவேண்டிய அவசியமும் இல்லையென்றும் சொன்னார். பக்கத்தில் நின்ற அதிகாரிக்கு அதில் குற்றம் காண ஒரு சொல்லும் அகப்படவில்லை. எதிரில் நின்றவர்களுக்கோ ஒவ்வொரு சொல்லும் விளங்கிற்று.

அன்றிரவே மக்கள் பதுங்கத் தொடங்கினார்கள். வில்னியஸ் யூதர்கள் மலீனா என்று அழைத்த மறைவிடங்களைச் சிலர் முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தார்கள்: பரணின் போலிச் சுவருக்குப் பின்னால், தரைக்கடியில், நிலவறையின் மூலையில். திங்கட்கிழமைக் கணக்கெடுப்புக்கு வந்த சுமார் 500 பேர் போனாரிக்குக் கொண்டுபோகப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். பின்னர் கட்டடங்களைச் சல்லடைபோட்டுத் தேடியதில் அகப்பட்ட சுமார் 200 பேரை முகாமிலேயே சுட்டார்கள். ஜூலை 13-ஆம் தேதி நகரம் செஞ்சேனையின் வசமானபோது உயிரோடு எஞ்சியிருந்தவர்கள் சுமார் 250 பேர்.

இவர்களில் ஒரு பெண்மணியின் மகனான மைக்கேல் குட் என்ற அமெரிக்க வைத்தியர், 1999-இல் தாயோடு வில்னியஸுக்குச் சென்று வந்தபின், முழுப் பெயர்கூடத் தெரியாத அந்த மேஜரைத் தேடத் தொடங்கினார். பல தேசங்களில் சிதறிக் கிடந்த சாட்சியங்களைத் திரட்டிய அவருடைய முயற்சிக்கு, யூத இனப்படுகொலையின் நினைவைப் பேணும், ஜெருசலேமிலுள்ள யாத் வாஷெம் ஸ்தாபனம் எடுத்த எடுப்பில் இசையவில்லை. பிளாகே தம் உயிரைப் பணயம் வைத்தார் என்பதற்கு ஆதாரம் போதாது என்றது. பிடிபடாதபடி கவனமாக நடந்துகொண்டவர் பட்ட அபாயத்துக்கு ஆவணம் தேடுவது எளிதா? 2004-இல் அந்த ஸ்தாபனம் அவரை, யூதர்களைக் காப்பாற்றிய பிற இனத்தவரான நீதிமான்களின் வரிசையில் ஏற்றுக்கொண்டது.

அவர் தம்மை எந்த வரிசையில் வைத்துக்கொண்டார் என்பதோ 1947-லேயே தெரிந்துபோன விஷயம். பழைய நாஜிக் கட்சிக்காரர் என்ற முறையில் டார்ம்ஷ்டாட்டில் அவர்மேல் விசாரணை நடந்தது. செய்தி கேள்வியுற்ற, அவருடைய முகாமில் பிழைத்தவர்கள், தாமாகவே ஒருவரை அனுப்பி அவருக்காகச் சாட்சி சொல்லவைத்தார்கள். முதன்மைக் குற்றவாளி தொடங்கிக் குற்றமற்றவர் ஈறாக இருந்த ஐந்து வகுப்புகளில், கடைசி வகுப்பில் அவரைச் சேர்க்க மன்றம் தயாராக இருந்தது. அவர் அதை வேண்டாமென்று சொல்லி, கட்சியைப் பின்பற்றிச் சென்றவர்கள் என்ற நான்காம் வகுப்பைக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். பின்னாளில் எழுதிய கடிதமொன்றில், ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளைநோய்’ நாவலில் வரும் வைத்தியரோடு தம் நிலையை அவர் ஒப்பிட்டிருக்கிறார். நோயை வெல்ல முடியாதென்று தெரிந்தும் படுக்கை படுக்கையாகச் சென்று சிகிச்சை செய்பவர் அந்த வைத்தியர். சாட்சி சொன்னவர்கள் பிழைத்தவர்களை எண்ணிச் சொன்னார்கள். 1957-இல் காலமான பிளாகே, மார்ச் மாதத்துக் குழந்தைகளையும், திங்கட்கிழமைக் கணக்கெடுப்புக்கு வந்து நின்றவர்களையும், தாம் 1931-இல் இட்ட கையொப்பத்தையும் சேர்த்து எண்ணினார் என்றே நான் கருதுகிறேன்.