'சடக்' வைத்தியரும் என் இடுப்பும்!

பாத்ரூமில் சோப்பு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். சோப்பு வந்தது. நான் வரவில்லை.

இடுப்பில் யாரோ பழுக்கக் காய்ச்சின கம்பியைச் சொருகின மாதிரி ஒரு சுரீர். அப்படியே தொண்ணூறு டிகிரியில் நின்றுவிட்டேன். மானேஜர் முன்னால் பத்து வருஷமாகக் குனிந்து பழகின முதுகுதான். ஆனால் அப்போதெல்லாம் வெளியே வந்ததும் நிமிர முடிந்தது!

"என்னங்க, உள்ளேயே தூங்கிட்டீங்களா?"

"கதவைத் திறக்கணும்னா நான் நிமிரணும். நிமிரணும்னா யாராவது உள்ளே வரணும்."

அரைமணி நேரம் கழித்துத் தவழ்ந்து வெளியே வந்தேன். என் நான்கு வயது மகளுக்கு ஒரே குஷி. "அப்பா யானை!" என்று முதுகில் ஏற ஓடி வந்தவளை மனைவி பிடித்து நிறுத்தினாள்.

அம்மா ஊரிலிருந்து போனிலேயே தீர்ப்பு வழங்கினார். "கால் பக்கமாப் பொறந்தவங்க யாராவது உதைச்சா சரியாயிடும்டா." எதிர் வீட்டில் அப்படி ஒரு பையன் இருந்தான். ஏழாம் வகுப்பு. மூன்று உதை உதைத்தான். மூன்றாவது உதையில் மருத்துவ நோக்கத்தைவிட அவன் கிரிக்கெட் பந்தை நான் பிடுங்கி வைத்திருந்த விவகாரம்தான் அதிகம் தெரிந்தது. ஃபீஸ்: ஒரு சாக்கோபார்.

ஆபீஸில் கேட்கவே வேண்டாம். அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன் முழுக்க டாக்டர்கள். "கட்டாந்தரையில படுங்க." "மெத்தைதான் நல்லது." "டிஸ்க் போயிருக்கும், எங்க சகலைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சது..." (அந்தச் சகலை இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.) பக்கத்து சீட் நண்பர் மட்டும் செல்போனை நீட்டினார். "இதைப் பாருங்க."

ஒரு மனிதரைக் குப்புறப் போட்டு இன்னொரு மனிதர் முதுகில் அமுக்குகிறார். சடக்... சடக்... சடசட! மைக் வைத்து எடுத்திருக்கிறார்கள். எழுந்தவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். "கைரோப்ராக்டிக்! நம்ம ஊர்லயே இருக்கு" என்றார் நண்பர். மூன்றாவது வாரம் நானும் போனேன்.

ஏ.சி. ரூம். முற்றின முருங்கைக்காய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் முதுகெலும்பு தொங்கியது. சுவரில் பெரிய தாடியோடு ஒரு வெள்ளைக்காரர் படம். "எங்க குருநாதர்" என்றார் வைத்தியர்.

அந்தத் தாடிக்காரர் கதையை அப்புறம் தேடிப் படித்தேன். பெயர் டேனியல் டேவிட் பால்மர். கனடாவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர். மளிகைக் கடை வைத்திருந்தார். பிறகு கையால் தடவி நோய் தீர்க்கிற 'காந்த வைத்தியம்' பார்த்தார். அயோவா மாநிலத்தில் டேவன்போர்ட் என்ற ஊர். 1895 செப்டம்பரில், இவருடைய ஆபீஸ் இருந்த கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிற ஹார்வி லில்லர்ட் என்பவரின் முதுகில் புடைத்திருந்த ஒரு எலும்பை அமுக்கினாராம். பல வருஷமாகக் காது மந்தமாக இருந்த லில்லர்டுக்குக் காது கேட்க ஆரம்பித்ததாம்!

கவனியுங்கள் சார்... இடுப்பு வலிக்கு இன்று உலகமே தேடி ஓடுகிற இந்த வைத்தியம் ஆரம்பித்தது காதில். காதுக்குப் போகிற நரம்பு மண்டைக்குள்ளேயே போகிறது. முதுகுப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் பால்மர் அசரவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நோய்க்குக் காரணம் முதுகெலும்பு இடம் பெயர்வதுதான் என்று எழுதினார். கிரேக்கத்தில் 'கையால் செய்வது' என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1897-ல் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடமும் திறந்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக 1906-ல் ஜெயிலுக்கும் போனார்.

அமெரிக்க டாக்டர்கள் சங்கம் இவர்களைப் பல வருஷம் ஒதுக்கியே வைத்தது. கைரோப்ராக்டர்கள் சிலர் 1976-ல் கோர்ட்டுக்குப் போய், 1987-ல் ஜெயித்தே விட்டார்கள். தங்களை ஒழிக்க அந்தச் சங்கம் சட்ட விரோதமாகக் கூட்டுச் சேர்ந்தது என்று தீர்ப்பு. அதற்குள் அங்கே எல்லா மாநிலத்திலும் லைசென்ஸ் கிடைத்துவிட்டது. கடைசியாகக் கொடுத்தது லூசியானா, 1974-ல்.

சரி, என் இடுப்புக்கு வருகிறேன். ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மேல் கால் முட்டியை மடக்கி, தோளைப் பின்னுக்குத் தள்ளி, இடுப்பைத் தன் பக்கம் இழுத்து... ஈரத்துணி பிழிவதற்கு முன்னால் முறுக்குவோமே, அந்த போஸ். "மூச்சை விடுங்க."

சடக்!

பொய் சொல்லக் கூடாது. எழுந்தபோது லேசாகத்தான் இருந்தது. கிண்டி வரைக்கும் ராஜா மாதிரி பைக் ஓட்டினேன். கத்திப்பாராவில் வலி திரும்ப ஏறிக்கொண்டது.

மறுமுறை போனபோது எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் மாட்டினார். "பாருங்க, எல்-5 லைன்ல இல்லை. இருபத்து நாலு சிட்டிங் ஆகும். மொத்தமா கட்டினா இருபது பர்சன்ட் தள்ளுபடி." கூடவே ஒரு எச்சரிக்கை: "வெயிட் தூக்கவே கூடாது. எலும்பு மறுபடி நகர்ந்துடும்."

அந்த ஒரு வாக்கியம்தான் வலியைவிட என்னைப் படுத்தியது. அன்று ராத்திரி மகள் இரண்டு கையையும் நீட்டி, "அப்பா, தூக்கு" என்றாள். "அப்பாவுக்கு எலும்பு நகர்ந்துடும்மா" என்றேன். "எங்கே நகரும்?" என்று தரையில் தேடினாள். அடுத்த நாளும் கேட்டாள். அதற்கப்புறம் கேட்பதையே நிறுத்திவிட்டு, தூக்கம் வந்தால் அம்மாவிடம் போக ஆரம்பித்தாள். நான் இடுப்பில் எட்டு அங்குல பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கண்ணாடிப் பாத்திரம் மாதிரி நடந்துகொண்டிருந்தேன். வயது முப்பத்து மூன்று.

மூன்று சிட்டிங் முடிந்து, மொத்தப் பணத்தையும் கட்டலாமா என்று யோசித்தபோது மனைவி சொன்னாள்: "உங்ககூடப் படிச்சவர் எலும்பு டாக்டர்தானே? அவர் ஓசியில பார்ப்பாரே!" (ஓசி என்றால்தான் நமக்கு ஞானம் பிறக்கிறது.)

நண்பன் குதிகாலில் நடக்கச் சொன்னான். நுனிக்காலில் நடக்கச் சொன்னான். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தான். பிறகு சில விவகாரமான கேள்விகள். "ஒண்ணுக்கு சரியாப் போகுதா? தொடை நடுவுல மரத்துப் போகுதா? கால் பலம் குறையுதா? ஜுரம், எடை குறையறது ஏதாவது?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். "இதுல ஒண்ணு இருந்திருந்தாலும் சும்மா விட்டிருக்க மாட்டேன். சிறுநீர் அடைச்சு, தொடையிடுக்கு மரத்துதுன்னா அதே ராத்திரி ஆஸ்பத்திரி. அப்போ யார்கிட்டயும் சடக்குக்குப் போகக் கூடாது."

"என் எல்-5 நகர்ந்திருக்காமே?"

சிரித்தான். "கையால ஒரு அமுக்குல உள்ளே தள்ளற மாதிரி எலும்பு இருந்தா, நம்ம ஊர் பஸ்ல ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல வெளியே வந்துடாதா? சுத்தி அவ்வளவு தசைநார் கட்டிப் பிடிச்சிருக்குடா."

"அப்போ அந்தச் சத்தம்?"

விரலைச் சொடக்கினால் வருகிறதே, அதே ஜாதி என்றான். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் இழுவிசையால் சட்டென்று ஒரு வாயுக் குழி உண்டாகிறது. 2015-ல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்துச் சொடக்கி இதைப் படமே பிடித்தார்கள். எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் அல்ல.

டிஸ்க் பயத்துக்கும் அவனிடம் பதில் இருந்தது. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய ஒரு ஆய்வு 2015-ல் வந்தது. முப்பது வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். ஐம்பது வயதில் 60 சதவீதம். முடி நரைப்பது மாதிரி!

"அப்போ அவர் செஞ்சது மொத்தமும் டூப்பா?" என்றேன், பணத்தைத் திரும்பக் கேட்கும் உத்தேசத்தோடு.

"அப்படியும் சொல்ல முடியாதுடா." அங்கேதான் நண்பன் மேல் எனக்கு மரியாதை கூடியது. சக டாக்டர்களுக்கு அவன் பரிந்து பேசவில்லை. 2017-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் பத்திரிகையே 26 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தது. புதிதாக வந்த இடுப்பு வலியில், நூறு மார்க் வலிக்குச் சுமார் பத்து மார்க் குறைகிறது. 2019-ல் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று 47 ஆய்வுகளைப் பார்த்தது. நாள்பட்ட வலிக்கு, உடற்பயிற்சி போன்ற மற்ற நல்ல சிகிச்சைகள் அளவுக்கு இதுவும் உதவுகிறது. அவற்றைத் தாண்டி ஒன்றும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட வலிக்குக் கொடுத்த பட்டியலில் இந்தக் கைச்சிகிச்சைக்கும் இடம் உண்டு. வேண்டாம் என்று தள்ளிய பட்டியலில் இருப்பது... நான் கட்டியிருந்த பெல்ட்!

"உன்னை மாதிரி திடீர்னு பிடிச்ச வலி பெரும்பாலும் சில வாரத்துல தானாவே இறங்கிடும்டா. இறங்கற நேரத்துல நீ யார்கிட்ட இருக்கியோ, அவருக்குக் கைராசிக்காரர்னு பேர்."

எதிர் வீட்டுப் பையன் ஆறாவது வாரம் உதைத்திருந்தால் இந்நேரம் அவன் போர்டு மாட்டியிருப்பான்!

கழுத்து விஷயத்தில் மட்டும் நண்பன் சிரிக்கவில்லை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புத் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சடாரென்று திருகினபிறகு அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததாக அபூர்வமாகப் பதிவுகள் உண்டு. "அபூர்வம்தான். ஆனா வந்தா பத்து மார்க்கோட போகாது."

எனக்கு மருந்துச் சீட்டில் அவன் எழுதியது ஒரே வரி. தினம் நடை. அரைமணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திரு. கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "பொண்ணு எத்தனை கிலோ?" என்றான்.

"பதினைஞ்சு."

"முதல்ல அஞ்சு கிலோ அரிசிப் பையில ஆரம்பி."

அரிசிப் பையோடு ஹாலில் நடந்தேன். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பத்து நாளில் பத்து கிலோ. இடையில் இரண்டு நாள் வலித்தது. எலும்பு எங்கும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோபாவில் தூங்கிப்போன மகளை யாரிடமும் கேட்காமல் தூக்கினேன். பாதித் தூக்கத்தில் கண் திறந்து, "நகரலையா?" என்றாள். "நகரலைம்மா." கழுத்தைக் கட்டிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டாள்.

போன வாரம் சலூனுக்குப் போனேன். ஒரு பக்கம் ஷேவிங் முடிந்திருந்தது. வழக்கமான தம்பி தலையில் இரண்டு தட்டுத் தட்டி, ஒரு கையைத் தாடையிலும் ஒரு கையைப் பிடரியிலும் வைத்தான். "அண்ணே, அப்படியே ஒரு சடக்கு..."

துண்டும் பாதி நுரையுமாகத் துள்ளி எழுந்து வாசல்படிக்கு வந்துவிட்டேன்.

"என்னண்ணே, இடுப்பு வலி, எழுந்திருக்கவே முடியலைன்னீங்க!"