நஞ்சுக்கொடியை ஆராய்ந்த அம்மையார்

பசு கன்று ஈன்றதும் விழுகின்ற இளங்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையில் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் உண்டு. மகப்பேற்றின்போது குழந்தையைத் தொடர்ந்து வெளிவரும் அவ்வுறுப்பையே நாம் நஞ்சுக்கொடி என்கிறோம். உரிய நேரத்தில் விழாமல் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே தீங்கு நேரும் என்பதனாற்போலும் அதற்கு அப்பெயர் வாய்த்தது. ஆனால் கருப்பையில் இருக்கும் காலம் முழுவதும் அது நஞ்சன்று, அமுது. குழந்தைக்கு மூச்சளிப்பதும், உணவூட்டுவதும், கழிவகற்றுவதும் அதுவே. இத்தனை பணிகளையும் முடித்தபின், பயனற்றதென எறியப்படும் உறுப்பும் அதுவே. அத்தகைய ஒன்றை ஆராய்வதற்கே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஓர் அம்மையாரைப் பற்றி இங்கே கூறுவோம்.

பேறுகாலத்தில் நஞ்சுக்கொடி சுமார் 500 கிராம் எடையுள்ளதாய், தட்டுப் போன்ற வடிவில் இருக்கும். அதன் ஒரு பக்கத்திலிருந்து கொப்பூழ்க்கொடி புறப்பட்டுக் குழந்தையைச் சேர்கிறது. மறுபக்கம் கருப்பையின் சுவரில் பதிந்திருக்கிறது. உள்ளே, மரத்தின் வேர்கள் கிளைத்துக் கிளைத்து நுண்மை அடைவதுபோல, எண்ணற்ற இழைகள் பரவியுள்ளன. அவ்விழைகளின் மேற்பரப்பை விரித்து அளந்தால் ஏறக்குறைய 12 சதுர மீட்டர் வரும். இழைகளுக்குள் ஓடுவது குழந்தையின் இரத்தம். அவற்றைச் சூழ்ந்து நிற்பது தாயின் இரத்தம். இரண்டும் அடுத்தடுத்து நின்று கொடுத்து வாங்குமேயன்றி ஒன்றோடொன்று கலப்பதில்லை. இவ்வுண்மையை 1754-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில், கர்ப்பிணியாய் இறந்த ஒரு பெண்ணின் இரத்தக் குழாய்களில் மெழுகைச் செலுத்தி ஆராய்ந்தபோது ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் கண்டறிந்தார்.

எனினும் ஒரு கேள்வி நெடுநாள் விடையின்றி நின்றது. தாயின் இரத்தம் அந்த இழைகளினிடையே எவ்வாறு நுழைகிறது, எவ்வழியாய்த் திரும்புகிறது? உடலில் மற்ற இடங்களில் இரத்தம் குழாய்களுக்குள்ளேயே ஓடுகிறது. இங்கோ அது குழாயை விட்டு வெளிவந்து, ஒரு குளத்தில் நிற்பதுபோல நின்று, மீண்டும் குழாய்க்குள் சேர வேண்டும். அது விளிம்பின் வழியாகவே வெளியேறுகிறது என ஸ்பானர் என்னும் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் 1935-இல் கூறினார். இறந்த உடலில் காணும் குழாய்களைக் கொண்டு உயிருள்ள ஓட்டத்தை ஊகிப்பது எளிதன்று.

இக்கேள்வியை எடுத்துக்கொண்டவர் எலிசபெத் ராம்சே. 1906-இல் அமெரிக்காவில் பிறந்த இவர், 1932-இல் யேல் பல்கலைக் கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண் மருத்துவர்கள் அருகியிருந்த காலம் அது. 1934-இல் ஒரு பிரேதப் பரிசோதனையின்போது, இரண்டு வாரமே வளர்ந்த ஒரு கருவை அவர் கண்டார். அந்நாளில் அறியப்பட்டிருந்த மிக இளைய மனிதக் கருக்களுள் அதுவும் ஒன்று. கவனமில்லாதவர் கையில் அது கண்ணிற்படாமலே போயிருக்கும். அக்கண்டுபிடிப்பே அவரைப் பால்டிமோரில் 1914 முதல் இயங்கிவந்த கார்னெகி நிறுவனத்தின் கருவியல் துறைக்கு இட்டுச் சென்றது. 1971-இல் ஓய்வு பெறும்வரை அத்துறையுடனேயே அவர் இணைந்திருந்தார்.

அங்கே செம்முகக் குரங்குகள் வளர்க்கப்பட்டு வந்தன. தில்லி, மதுரா, காசி முதலிய இடங்களில் வாழும் நமக்கு இவை புதியனவல்ல. தலைமயிர் குல்லாய்போற் படிந்த நம் ஊர் நாட்டுக் குரங்கினின்றும் வேறுபட்ட, வட இந்தியக் குரங்குகள் இவை. அந்நாளில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு இவை பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றன. 1978-இல் நம் அரசு அவ்வேற்றுமதியைத் தடை செய்தது. மனிதரைப் போலவே இவற்றின் நஞ்சுக்கொடியிலும் தாயின் இரத்தம் இழைகளை நேரே தொட்டு நிற்பதால், மனிதரிடம் செய்யவொண்ணாத ஆராய்ச்சியை இவற்றிடம் செய்ய முடிந்தது.

முதலில் அம்மையார் குழாய்களில் சாயம் செலுத்தி, கருப்பையை மெல்லிய தகடுகளாகச் சீவி, ஒவ்வொரு குழாயின் போக்கையும் தொடர்ந்து பார்த்தார். இரத்தம் விளிம்பில் மட்டுமன்றி அடித்தளம் முழுவதிலுமுள்ள சிரைகள் வழியாகத் திரும்புவதைக் கண்டார். பின்னர் 1960-களின் தொடக்கத்தில் மார்ட்டின் டானர் என்னும் எக்ஸ்ரே நிபுணருடன் சேர்ந்து, உயிருள்ள குரங்கின் தமனியில் எக்ஸ்ரேயில் தெரியும் திரவத்தைச் செலுத்தி, அதன் ஓட்டத்தைச் சலனப்படமாகவே எடுத்தார். அப்போது தெரிந்த காட்சி வியப்புக்குரியது. தாயின் சுருள் தமனிகளினின்றும் இரத்தம் நீரூற்றுப்போலப் பீறிட்டு இழைகளினிடையே மேலெழுந்தது. பின் வேகம் தணிந்து நாற்புறமும் பரவி, கீழிறங்கிச் சிரைகளை அடைந்தது. எல்லா ஊற்றுகளும் ஒருங்கே எழவில்லை. கருப்பை இறுகும்போது அவை குறைந்தன. தளர்ந்தபோது மீண்டும் எழுந்தன.

இதனால் விளங்கியது என்ன? அந்த ஊற்றை எழுப்பும் விசை தாயின் இரத்த அழுத்தமேயன்றி வேறன்று. நஞ்சுக்கொடிக்குத் தனியே ஓர் இதயம் இல்லை. தாயின் இதயமும், அவள் தமனிகளின் நிலையுமே குழந்தையின் மூச்சை நிர்ணயிக்கின்றன.

அத்தமனிகள் முன்னிருந்தபடியே இருப்பதுமில்லை. நஞ்சுக்கொடியின் உயிரணுக்கள் தாயின் சுருள் தமனிகளுக்குள் புகுந்து, அவற்றின் தசைச் சுவரை மாற்றி, குறுகிய வாயை அகன்ற வாயாக்குகின்றன. மனிதக் கருப்பையின் குழாய்களைப் பற்றி ஹாரிஸ் என்பவருடன் சேர்ந்து அம்மையார் 1966-இல் விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டில் புரோசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் இம்மாற்றத்தை மேலும் தெளிவாக்கினர். இம்மாற்றம் செவ்வனே நிகழாவிடின் தமனிகள் குறுகியே நிற்கும், குழந்தை மெலியும். மருத்துவர்கள் பிரீ-எக்ளாம்சியா எனக் கூறும் கர்ப்பகால இரத்தக் கொதிப்பு நோய்க்கு இது ஒரு முக்கிய காரணம் என்று பின்வந்தோர் கண்டனர். அந்நோய் முற்றினால் வலிப்பு உண்டாகித் தாய், சேய் இருவருக்கும் ஆபத்து விளையும்.

ஓய்வுக்குப் பின்னும் ராம்சே அம்மையார் நஞ்சுக்கொடியைப் பற்றி நூல்கள் எழுதினார், 1993-இல் காலமானார். அவர் போன்றோர் ஆய்வுக்கூடத்தில் தேடிய உண்மை நம் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறது. கர்ப்பிணி மருத்துவமனைக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தை அளப்பதும் சிறுநீரைச் சோதிப்பதும் வெறும் சடங்கல்ல.

நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடைபெறும். ஆனால் ஊரை விட்டு நெடுந்தொலைவில், வேற்று மொழி பேசுவோரிடையே குடியிருக்கும் இளம் பெண்ணுக்கு, இது இயல்பு, இது ஆபத்து என எடுத்துரைக்கத் தாயோ பாட்டியோ அருகில் இருப்பதில்லை. ஆகையால் கணவரும் இவற்றை அறிந்திருத்தல் வேண்டும். ஐந்தாம் மாதத்திற்குப் பின் இரத்த அழுத்தம் 140-க்கு 90 என்ற அளவை எட்டினாலும், தீராத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகத்திலும் கைகளிலும் திடீர் வீக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், மறுநாள் வரை பொறுத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நான்காம் மாதம் முதல், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதியன்று அரசு மருத்துவ நிலையங்களில் இலவசப் பரிசோதனை செய்யும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் நாடெங்கும் நடைபெறுகிறது. எம்மாநிலத்தவரும் அதனைப் பெறலாம். பேற்றுக்காக ஊர் திரும்புவோர், இதுவரை அளந்த அளவுகள் எழுதிய தாய்-சேய் நல அட்டையை மறவாது உடன் கொண்டு செல்க. அங்குள்ள மருத்துவருக்கு அதுவே முதற்சான்று.